ஆயுத பூசையன்று வந்த புத்தக வண்டி

'நூலகத்தில் அமைதி காக்கவும்' என்று முதன்முதலில் பலகை எழுதி மாட்டியவர் யாரோ தெரியாது, அவர் நிச்சயமாக எங்கள் எஸ்டேட்டுக்கு வந்ததில்லை. எங்கள் நூலகம் நான்கு சக்கரத்தில் வரும். வரும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு வரும். வளைவுக்கு வளைவு அடித்தால்தான் எதிரே இறங்கும் காய்கறி லோரிக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஆயாக்கொட்டகையில் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டு வீறிடும். ஒன்றை இடுப்பில் வைத்து, ஒன்றைக் கையில் பிடித்து, மற்றதுகளை முன்னால் விரட்டிக்கொண்டு நான் கோயில் திடலுக்கு ஓடுவேன். எங்கள் ஊரில் நூலகத்துக்குப் போகிற அழகு இதுதான்.

அப்பா அம்மா தேயிலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் ஆயாக்கொட்டகை. அங்கே ஆயா நான். பால் காய்ச்சுவது, மூக்குத் துடைப்பது, தூளியாட்டுவது, அதட்டுவது எல்லாம் நானே. என் குரல் துரை பங்களா வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். கேட்கட்டும், அந்த மனிதருக்கும் பொழுது போக வேண்டாமா?

வண்டி வருவதற்கு முந்திய காலத்தில் பெட்டி இருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், நூலகம் என்றால் எங்களுக்கு ஒரு தகரப் பெட்டிதான். டவுனிலிருந்து எஸ்டேட் லோரியில் அரிசி மூட்டையோடு வந்து இறங்கும். சாவி கிராணியிடம் இருக்கும். ஆபீஸ் கணக்கு முழுக்க அவர் கையில்தானே, அதனால் புத்தகமும் அவர் கையில். எங்களிடம் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அந்தப் பெட்டி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எஸ்டேட்டுக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. இப்படி ஊர் சுற்றி வந்ததில் பாதிப் புத்தகங்களுக்கு வால் இருக்காது. கொலை நடந்திருக்கும், துப்பறிகிறவர் வந்திருப்பார், எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்திருப்பார், அதோடு கதை சரி. கடைசிப் பக்கங்களை எந்த எஸ்டேட்டுப் பிள்ளை எதற்குக் கிழித்ததோ! கொலைகாரன் யார் என்று நானே முடிவு செய்துகொள்வேன். பெரும்பாலும் கிராணி.

அப்புறம் தானா ராத்தா டவுனில் கடைகளுக்கு மேல்மாடியில் ஒரு வாசிப்பறை வந்தது. நாங்கள் பஸ் பிடித்துப் போய், படியேறி, செருப்பைக் கழற்றி, நடுங்கிக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரிப்பதற்குள் திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதற்கும் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே அட்டை, மாநிலத்தில் எந்த நூலகத்திலும் செல்லும் என்றார்கள். எனக்கு அது ஒரு பெருமையாக இருந்தது. கடற்கரை ஊர் நூலகத்தில்கூட என் அட்டை செல்லுமாம். நான் கடற்கரைக்குப் போனதில்லை, அது வேறு விஷயம். கடைசியில் வண்டி வந்தது. இரண்டு பக்கமும் அலமாரி அடித்து, நடுவில் ஒரு ஆள் போகிற இடம் விட்டு, பின்னால் படிக்கட்டு வைத்த வண்டி. அதில் ஒரு தட்டு முழுக்கத் தமிழ். முதல் தடவை ஏறிப் பார்த்தபோது, பொய் சொல்லவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாப் புத்தகத்துக்கும் கடைசிப் பக்கம் இருந்தது.

என் வீட்டுக்காரர் பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லோரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதிக்கு மேல் வீட்டில் நான் ஒருத்திதான். டிவி நாடகம் எனக்கு ஆகாது. பகல் முழுக்க இலவசமாக அழுகை கேட்கிறேன், சாயங்காலம் காசு கட்டி வேறு கேட்க வேண்டுமா? போனில் படிக்கலாமே என்பாள் மகள், கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் லைன் கிடைக்கும். அந்தக் குளிரில் தொட்டி மேல் நின்று கதை படித்தால் ஊர் என்ன நினைக்கும்? ஆக, எனக்கு வண்டியை விட்டால் வேறு கதி இல்லை. இதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

நான் எடுத்து வருகிற புத்தகம் என் வீட்டில் தங்குவதும் இல்லை. எதிர் லயத்து மதினி ஒருத்தி இருக்கிறாள். சொந்த மதினி இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு மதினியானவள். சரிவான மலையில் மெஷின் பிடிக்க முடியாத இடத்தில், பெரிய கத்தரிக்கோல் கொண்டு கொழுந்து வெட்டுகிறவள். இருட்டுமுன் வந்து, "என்னா இருக்கு?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். அவளிடமிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து ஆலையில் நைட் ஷிப்ட் பார்க்கிற அவள் தம்பி. திரும்பி என்னிடம் வரும்போது புத்தகத்தில் மசாலா வாசம், தேயிலை வாசம், மூட்டுவலித் தைல வாசம் எல்லாம் இருக்கும். அட்டை மட்டும் என்னுடையது ஒன்றுதான். வண்டியோடு வருகிற கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு அட்டையும், வேலை ஓய்ந்த இரண்டு தாத்தாக்களின் அட்டையும்தான்.

வண்டியை ஓட்டுவதும் புத்தகம் பதிவதும் ஒரே ஆள், மலாய்க்காரப் பிள்ளை. தங்கமான பையன். நானும் அவனும் பேசுவது மலாயில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒருநாள் என் புத்தகத்தைப் பதிந்துவிட்டுக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆன்ட்டி, அடுத்த தடவை மேலிடத்து ஆபீசரம்மா, ஒரு புவான், என்னோட வராங்க. இந்த எடத்துல ஆளே இல்லன்னு சிஸ்டம் காட்டுதாம். நிறுத்தத்தத் திரிங்காப்புக்கு மாத்திடலாமான்னு பாக்கத்தான் வராங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! திரிங்காப்பில் கடை இருக்கிறது, பஸ் இருக்கிறது, போனில் லைன் முழுசாக இருக்கிறது. எல்லாம் இருக்கிறவனுக்கே இன்னும் ஒன்றா? "ஆளே இல்லயா? அப்ப நான் யாரு, பேயா?" என்று அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? "நீங்களும் ரெண்டு தாத்தாவும்தானே ஆன்ட்டி" என்றான். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. வண்டி நின்றுபோனால் என் சாயங்காலங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மறுநாள் காலண்டரைப் பார்த்தேன். அவன் சொன்ன நாளில் ஆயுத பூசை! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதுதான். ஆயுத பூசைக்கு எங்கள் ஆலையில் மெஷின்களை நிறுத்திக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். ஆலை நின்றால் கொழுந்து வெட்டி என்ன செய்ய? அதனால் மலை வேலையும் இல்லை. எஸ்டேட்டே வீட்டில் இருக்கிற நாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்தான், ஆனாலும் பூசைச் சுண்டலுக்கு முதல் வரிசையில் நிற்போம். எங்கள் சாமிக்கும் அவர்கள் சாமிக்கும் சண்டை கிடையாது. சண்டையெல்லாம் தண்ணீர்க் குழாயடியில்தான்.

லயம் லயமாக ஏறி இறங்கினேன். "அன்னிக்கு எல்லாரும் கோயில் திடலுக்கு வரணும், சொல்லிட்டேன். ஐசி கார்டு எடுத்துட்டு வாங்க, அட்டை இல்லாதவங்களுக்கு அங்கயே போட்டுத் தருவாங்க. கூட்டம் தெரியணும் லா." எல்லாரும் சரி என்றார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. பனி விலகி வெயில் மெல்ல எட்டிப் பார்த்தது. ஆலை வாசலில் வாழைக்கன்று, எஸ்டேட் லோரிக்குச் செவ்வந்தி மாலை, கத்தரிக்கோல்கள் எல்லாம் கழுவித் துடைத்துக் குங்குமம் வைத்துக் கோயிலில் வரிசையாகக் கிடந்தன. ஹாரன் சத்தம் கேட்டதும், லீவு நாளிலும் என் இடுப்பை விடாத ஒரு கொட்டகைப் பிள்ளையோடு முன்னால் போய் நின்றேன். வண்டி நின்றது. பையனுக்குப் பின்னால் அந்தப் புவான் இறங்கினார். கண்ணாடி, தடித்த குளிர்ச்சட்டை, கையில் ஒரு தண்ணீர் போத்தல். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. திடலைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார்.

திடல் நிறைந்திருந்தது. பெண்கள் பட்டுச்சேலையில், ஆண்கள் வெள்ளை வேட்டியில், பிள்ளைகள் தீபாவளிக்கு வாங்கியதை முன்கூட்டியே போட்டுக்கொண்டு. எஸ்டேட்டில் வேலை பார்க்கிற வங்காளதேசத்துப் பையன்கள்கூடச் சுண்டலுக்கு வந்து ஒரு ஓரமாக நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க புவான், ஆளே இல்லன்னாங்களாமே!" என்றேன்.

அவர் தலையாட்டினார். பையன் படிக்கட்டை இறக்கினான், கம்ப்யூட்டரைத் திறந்தான். நான் காத்திருந்தேன். புவானும் காத்திருந்தார். ஒருத்தரும் ஏறவில்லை. கூட்டம் அத்தனையும் அதே இடத்தில் நின்று மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னா நிக்கிறீங்க? ஏறுங்க!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

மதினி என் பக்கத்தில் வந்து காதைக் கடித்தாள். "இன்னிக்கு எப்புடிப் படிக்கிறது? சரசுவதி பூசை இல்லையா? புத்தகமெல்லாம் சாமிகிட்ட இருக்கு. நாளைக்குக் காலையில எடுத்துத்தான் படிக்கணும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வருசா வருசம் சுண்டல் தின்னப் போனவளுக்கு, சுண்டலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லையே! கோயிலுக்குள் எட்டிப் பார்த்தேன். கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் புத்தகங்கள், ஆலையில் எழுதுகிற பேனாக்கள், அதற்கும் மேலே என் அட்டையில் எடுத்த துப்பறியும் கதை, நெற்றியில் குங்குமத்தோடு. அன்றைக்கு வாசிப்பு விலக்கு, அதுதான் முறை. "பின்ன எதுக்குடி எல்லாரும் வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். "நீதானே கூட்டம் தெரியணும்னு கூப்புட்ட" என்றாள் மதினி. அது சரிதான். கூட்டம்தான் கேட்டேன், கூட்டம் கொடுத்துவிட்டார்கள்.

புவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து அவர்கள் கம்போங் ராஜாவுக்குப் போக வேண்டும். இடுப்பில் இருந்த பிள்ளையை மதினியிடம் தள்ளிவிட்டுப் பூசாரியிடம் ஓடினேன். மற்ற நாளில் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர் அவர், என் வீட்டுக்காரரின் கூட்டாளி.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. இன்னிக்குப் புத்தகத்தப் படிக்கக் கூடாதா, எடுக்கக் கூடாதா?"

அவர் தீபாராதனைத் தட்டை வைத்துவிட்டு யோசித்தார். யோசிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஏசுவையும் கூப்பிட்டேன், பக்கத்தில் இருந்த சரசுவதியையும் கூப்பிட்டேன்.

"படிக்கத்தான் கூடாது" என்றார் கடைசியில். "சாமிகிட்ட வைக்க எடுத்துட்டு வந்தா புண்ணியம்தானே."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெளியே வந்து, துரை பங்களா வரைக்கும் கேட்கும் என்றேனே, அந்தக் குரலை எடுத்தேன். "பூசாரி சொல்லிட்டாரு! வீட்டுக்கு ஒரு புத்தகம் எடுத்துச் சாமிகிட்ட வைங்க! படிக்கிறத நாளைக்குப் பாத்துக்கலாம்!"

வண்டி ஆடிவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. பையன் அட்டை போட்டுக்கொண்டே பதிகிறான், பதிந்துகொண்டே வியர்க்கிறான், அந்தக் குளிரில்! மெஷின் 'பீப் பீப்' என்று மூச்சு விடாமல் கத்துகிறது. தமிழ்த் தட்டு முதல் ரவுண்டிலேயே காலி. அப்புறம் மலாய்ப் புத்தகம், ஆங்கிலப் புத்தகம், கையில் பட்டது எல்லாம். படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் இருக்கிறதிலேயே தடியான அகராதியைத் தூக்கிக்கொண்டார். "சாமிக்கு வைக்கிறது கொஞ்சம் வெயிட்டா இருக்கணும் லா" என்று நியாயம் சொன்னார். மோட்டார் ரிப்பேர் புத்தகத்துக்கு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குள் தள்ளுமுள்ளு. வங்காளதேசத்துப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, கடல் படம் போட்ட புத்தகத்தைக் காட்டி எடுக்கலாமா என்று கேட்டான். "எடு எடு, என் அட்டையில போடு" என்றேன்.

அலமாரி வெறும் பலகையாகிவிட்டது. நான் புவானைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது, ஜெயித்தாயிற்று, திரிங்காப்பு இனிமேல் வாயைத் திறக்கட்டும் பார்ப்போம் என்று மனசுக்குள் ஒரு ஆட்டம். ஆனால் அவர் முகத்தில் சந்தோசமே இல்லை. அவர் அலமாரியைப் பார்க்கவில்லை, புத்தகத்தோடு கோயில் வாசலில் வரிசை நிற்கிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பேரும் இங்கேதான் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"வேற எங்க போவோம் புவான், பொறந்ததே இங்கதான்."

"பின்னே ஏன் ஒருநாளும் வரவில்லை?"

இது கூட்டம் முழுக்கக் காதில் விழுந்தது. மலாய் எல்லாருக்கும் தெரியும். யாரோ ஒருத்தர் சிரித்தார். "வேலையில இருப்போமே புவான்" என்றார் பூசாரி.

"எப்போது வேலைக்குப் போவீர்கள்?"

"விடிஞ்சதும் மலைக்கு ஏறிடுவோம். நாலு மணிக்குத்தான் எறங்குவோம்."

அவர் வண்டிக்காரப் பையனிடம் திரும்பினார். "வண்டி எத்தனை மணிக்கு இங்கே வரும்?"

"பத்து மணிக்குப் புவான்" என்றான். அவனுக்கே குரல் உள்ளே போய்விட்டது. "ஆரம்பத்துலேர்ந்து பத்து மணிதான்."

புவான் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "கெனாப்பா தா பிலாங்?" ஏன் சொல்லவில்லை என்கிறார்.

யார் சொல்வது? ஆலைச் சங்கு ஊதினால் எங்களுக்குக் காலை, மறுபடி ஊதினால் சாயங்காலம். தண்ணீர் வருகிறபோது பிடித்துக்கொள்வோம். டாக்டர் வண்டி வருகிறபோது நோயைக் காட்டிக்கொள்வோம். ஓட்டுக் கேட்கிறவர்கள்கூட அவர்களுக்குத் தோதான நேரத்தில்தான் வந்து கும்பிடுவார்கள். நேரம் என்பது மேலேயிருந்து வருகிற ஒன்று, மழை மாதிரி. மழையிடம் போய் சாயங்காலமாக வா என்று யாராவது சொல்வார்களா? கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சத்தம் போட்டவள் நான். அந்த எனக்கே பத்து மணி வண்டியை வேறு நேரத்துக்கு வரச் சொல்லலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று தினமும் பார்க்கிறவள். இதற்கெல்லாம் அழலாம் என்றே எங்களுக்குத் தெரியாது. எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"சொல்லலாம்னு தெரியாது, புவான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாங்களும் கேட்கவில்லை" என்றார். "வண்டி இங்கேதான் வரும். எத்தனை மணிக்கு வரட்டும்?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பூசாரி தரையைப் பார்த்தார். இந்த மலைக்கு எங்கள் ஆட்கள் வந்த நாளிலிருந்து, உங்களுக்கு எந்த நேரம் தோது என்று ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. வாய்க்காரி என்று பேர் வாங்கிய எனக்கு நாக்கு எழவில்லை. புவான் அவசரப்படுத்தாமல் நின்றார்.

கடைசியில் மதினிதான் பேசினாள். ஒரு கையில் என் கொட்டகைப் பிள்ளை, இன்னொரு கையில் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த புதுப் புத்தகம். மலாய் தெரிந்தவள்தான், ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

"அஞ்சு மணிக்கு வரச் சொல்லு" என்றாள் என்னிடம். "அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துருவோம். கொழுந்துக் கறையோட புத்தகத்தத் தொடக் கூடாதுல்ல."

அதைப் புவானுக்கு மலாயில் சொல்லி முடிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன்.